நண்டுக்கூட்டுக்கு எந்த இரை? வால் நீண்ட தரவைக் கலைத்துப் பார்த்த பதிவு

மீன் தலை கட்டிய இரவுகளில் பிடிபட்ட நண்டு, கிலோவில்: 1.2, 0.8, 1.5, 0.6, 1.1, 7.4, 0.9, 2.1.

கோழிக்குடல் கட்டிய இரவுகளில்: 1.4, 1.9, 0.7, 1.6, 1.3, 2.4, 1.0, 1.7.

தரவு இவ்வளவுதான். மட்டக்களப்பு வாவியில், மண்முனைப் பாலத்துக்குத் தெற்கே மாமா கூடு போடுகிறார். ஒவ்வொரு இரவும் அதே தோணி, அதே எண்ணிக்கைக் கூடுகள், ஏறக்குறைய அதே இடம். எந்த இரவுக்கு எந்த இரை என்பதை மட்டும் நாங்கள் தீர்மானிக்கவில்லை. எட்டுத் துண்டில் ‘தலை’ என்றும் எட்டுத் துண்டில் ‘குடல்’ என்றும் எழுதி ஒரு பால்மா பேணிக்குள் போட்டு வைத்தோம். பின்னேரம் தோணி இறக்குமுன் மாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு எடுப்பார். வந்ததுதான் அன்றைய இரை, எடுத்த துண்டு திரும்பப் பேணிக்குள் போகாது. விடிய, உயிர் நண்டைக் கட்டியதும் தொங்கு தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதுவோம்.

ஒரே இரவில் இரண்டு இரையையும் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். “கிட்டக்கிட்டக் கிடக்கிற கூட்டில ரெண்டு இரையையும் கட்டினா எந்த மணத்துக்கு நண்டு வந்ததெண்டு ஆருக்குத் தெரியும் மனே?” என்றார் மாமா. நியாயமான எதிர்ப்பு. ஆகவே இரவுக்கு ஒரு இரை.

துண்டு எடுத்த கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் கணினியில் செய்யப்போகும் கலைப்பு முழுக்க அந்தப் பேணியின் மேல்தான் நிற்கிறது. நிலவு, மழை, நீரின் உப்பு, மாமாவின் முதுகுவலி எல்லாம் இரவுக்கு இரவு மாறும். அவற்றை என்னால் நிறுத்த முடியாது. ஆனால் அவை எந்த இரைக்கும் வேண்டுமென்றே சாயாமல் பார்த்துக்கொள்ளப் பேணியால் முடியும். மாமாவின் விருப்பத்துக்கு விட்டிருந்தால், நல்ல இரவு என்று அவருக்குப் படும் நாளெல்லாம் அவருக்குப் பழகிய மீன் தலைதான் போயிருக்கும்.

சரி, எது நல்ல இரை?

சராசரி எடுத்தால் தலை 1.95 கிலோ, குடல் 1.50. தலைக்கு வெற்றி. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை, அதாவது இடையத்தை, எடுத்தால் தலை 1.15, குடல் 1.50. குடலுக்கு வெற்றி. மடக்கை (log) எடுத்துச் சராசரி கண்டு திருப்பினால், அதாவது பெருக்கல் சராசரி எடுத்தால், தலை 1.38, குடல் 1.41. கிட்டத்தட்டச் சமம். தலை இரவு ஒவ்வொன்றையும் குடல் இரவு ஒவ்வொன்றோடும் மோதவிட்டால் 64 மோதல். அதில் 39 குடலுக்கு, 25 தலைக்கு. பதினாறே எண்கள், மூன்று விதமான தீர்ப்பு.

வால் நீண்ட தரவு என்றால் இதுதான். பெரும்பாலான இரவுகள் ஒன்று, ஒன்றரைக் கிலோவில் குவிந்து கிடக்கும். எப்போதோ ஒரு இரவு ஐந்தாறு மடங்கு அள்ளிக் கொடுக்கும். கீழே சுழியத்துக்கு அப்பால் போக வழியில்லை, மேலே எல்லை இல்லை. ஆகவே சராசரி வலப்பக்கம் இழுபடும், இடையம் இருந்த இடத்திலேயே இருக்கும். மழைவீழ்ச்சி, வீட்டு வருமானம், வைத்தியசாலையில் காத்திருக்கும் நேரம் எல்லாம் இந்தச் சாதிதான்.

இந்த இடத்தில் பாடப்புத்தகம் பழகிய கை உடனே இரண்டு வேலை செய்யப் பார்க்கும். ஒன்று, 7.4ஐ ‘விலகிய பெறுமானம்’ என்று தூக்கி வெளியே வைப்பது. மற்றது, மடக்கை எடுத்தோ வரிசை எண் கொடுத்தோ வாலை மடக்கிவிட்டு வழக்கமான சோதனையை ஓட்டுவது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. 7.4 தராசுப் பிழை இல்லை. அன்று கூடைக்குள் கிடந்த நண்டை நானே பார்த்தேன். அதை விடலாமா என்று வாய்விட்டுக் கேட்டபோது மாமா சொன்ன பதிலை இன்னும் எந்தப் புள்ளிவிபரவியல் புத்தகத்திலும் நான் இவ்வளவு சுருக்கமாகக் கண்டதில்லை: “அந்த ஒரு ராவுக்காகத்தானே மனே மத்த ராவெல்லாம் போறது.”

மாமாவின் வீட்டுக்கு வருவது மொத்தக் கிலோ. மொத்தம் என்பது சராசரியை இரவுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. இடையத்தைப் பெருக்கினால் எதுவும் வராது. மடக்கை எடுத்தபின் ஒப்பிடுவது பெருக்கல் சராசரிகளை, அதைக் கொண்டுபோய்ச் சந்தையில் விற்க முடியாது. ஒரு இரவு வெறுங்கூடாக வந்திருந்தால் சுழியத்துக்கு மடக்கையே கிடையாது. வரிசை எண் சோதனை, 1945இல் வில்கொக்சனும் 1947இல் மான், விட்னி இருவரும் தந்தது, நல்ல கருவிதான். ஆனால் அது கேட்பது ‘கண்ணை மூடி ஒரு தலை இரவையும் ஒரு குடல் இரவையும் எடுத்தால் எது பெரிதாக இருக்கும்’ என்ற கேள்வியை. எங்கள் கேள்வி அதுவல்ல. ஆகவே சராசரியையே ஒப்பிடுவது, வாலை வெட்டாமல் ஒப்பிடுவது என்று முடிவு. அதற்குத்தான் சிமியுலேஷன், அதாவது குலுக்கலைத் திரும்பத் திரும்பப் போலியாக நடத்திப் பார்ப்பது.

முதலில் கணினி இல்லாமல் செய்தோம். மாமா பார்க்க வேண்டும் என்பதற்காக. பதினாறு கிலோ எண்களையும் பதினாறு துண்டுகளில் எழுதி அதே பேணிக்குள் போட்டேன். தர்க்கம் இது: இரை எதுவானாலும் நண்டுக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 7.4 கிலோ விழுந்த இரவில் மாமி ‘குடல்’ துண்டை எடுத்திருந்தாலும் அதே 7.4தான் விழுந்திருக்கும். எண்கள் மாறா, மேலே ஒட்டிய பெயர் மட்டும் மாறும். ஆகவே பெயரைக் கலைத்துக் கலைத்து ஒட்டி, எட்டெட்டாகப் பிரித்து, இரண்டு பக்கச் சராசரிகளின் வித்தியாசத்தை ஒவ்வொரு தடவையும் எழுதினால், வெறும் அதிர்ஷ்டம் மட்டும் எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பது தெரியும். நாங்கள் கண்ட 0.45 அந்தக் கூட்டத்தில் அபூர்வமா, சாதாரணமா என்று பார்த்தால் போதும்.

மாமா குலுக்கினார், நான் கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவர் குலுக்குவதை நிறுத்திவிட்டார். “என்னத்துக்குக் கூட்டுறாய்? ஏழு நாலு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் வெல்லுது.”

உண்மையா என்று கணக்குப் போட்டேன். பதினாறை எட்டெட்டாகப் பிரிக்க 12,870 வழி உண்டு. அதில் 7.4 ‘தலை’ப் பக்கம் நிற்பவை சரிபாதி, 6,435. மொத்தம் 27.6 கிலோ, பாதி 13.8. 7.4உடன் மற்றதில் மிகச் சிறிய ஏழையும் (0.6, 0.7, 0.8, 0.9, 1.0, 1.1, 1.2) சேர்த்தால் 13.7. பாதியைவிட 0.1 குறைவு. அந்த 1.2ஐ எடுத்து 1.3ஐப் போட்டால் சரியாக 13.8, சமநிலை. வேறு எப்படிச் சேர்த்தாலும் பாதிக்கு மேல். அதாவது 6,435 பிரிப்பில் ஒன்றே ஒன்றில்தான் 7.4 நின்ற பக்கம் தோற்கிறது, ஒன்றில் சமம், மிச்சம் 6,433இலும் வெற்றி. மாமா ஒரு சூத்திரமும் படிக்காமல் பேணியில் இருந்து கண்டுபிடித்தது இதை.

பிறகு லப்டொப்பில் ஆர் (R) என்ற புள்ளிவிபரக் கணினி மொழியில் ஓட்டினேன். பத்தாயிரம் கலைப்பு, நொடிப்பொழுது வேலை. ஆர் தெரியாதவர்கள் லிப்ரே ஒபிஸ் விரிதாளிலேயே செய்யலாம். ஒரு நிரலில் பிடிபாடு, பக்கத்து நிரலில் எழுந்தமான எண், அந்த எண்ணின்படி வரிசைப்படுத்தினால் கலைந்துவிடும். மேல் எட்டின் சராசரியில் கீழ் எட்டின் சராசரியைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையால் வரிசைப்படுத்துவது அலுப்பு என்பதால் சிறு மக்ரோ ஒன்று எழுதிவிடுவது நல்லது.

வந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். புத்தகங்களில் வரும் மணி வடிவம் இல்லை. இரண்டு தனித்தனிக் குன்றுகள்: ஒன்று −0.76ஐச் சுற்றி, மற்றது +0.76ஐச் சுற்றி. நடுவில், சுழியத்தில், வெறும் பள்ளம். 7.4 இந்தப் பக்கம் போனால் இந்தக் குன்று, அந்தப் பக்கம் போனால் அந்தக் குன்று. நாங்கள் கண்ட 0.45 வலக் குன்றின் உச்சிக்கு இடப்பக்கம், பள்ளத்தை நோக்கிய சரிவில் கிடக்கிறது. வெறும் கலைப்பிலேயே 0.45ஐ எட்டுகிற அல்லது மிஞ்சுகிற வித்தியாசம், திசை எதுவானாலும், நூற்றுக்குத் தொண்ணூறு வாக்கில் வருகிறது. இந்த விகிதத்துக்குப் பெயர்தான் பி பெறுமானம், இங்கே 0.9. தலை நல்லது என்பதற்கு இதைவிட மெலிந்த சாட்சி கிடைப்பது அரிது. பார்க்கப்போனால், 7.4ஐக் கையில் வைத்துக்கொண்டும் 0.45 மட்டுமே முன்னுக்கு நிற்பது தலைக்குக் கொஞ்சம் வெட்கமான சங்கதி.

ஒரு சின்னக் குறிப்பு. பி பெறுமானம் எடுக்கும்போது, எட்டிய கலைப்புகளின் எண்ணிக்கையோடு ஒன்றையும், மொத்தக் கலைப்புகளோடு ஒன்றையும் கூட்டிப் பிறகு வகுக்க வேண்டும். நாங்கள் உண்மையில் கண்ட பிரிப்பும் ஒரு பிரிப்புத்தானே. அதைச் சேர்க்காவிட்டால் சில வேளை விடை சுழியமாக வந்து நிற்கும், அது பொய்.

இரண்டு சராசரிகளை ஒப்பிடும் வழக்கமான சூத்திரமான வெல்ச்சின் டி சோதனையையும் ஓட்டிப் பார்த்தேன். டி 0.55, பி 0.6 சொச்சம். முடிவு ஒன்றேதான், ஆனால் 0.6உம் 0.9உம் ஒன்றல்ல. டி சோதனை சராசரியின் பரம்பல் மணி வடிவம் என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது. இரண்டு குன்று இருப்பது அதற்குத் தெரியாது.

7.4ஐ எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்காக அதையும் செய்தேன். தலையின் சராசரி 1.17க்கு இறங்குகிறது, குடல் 0.33 கிலோ முன்னுக்கு வருகிறது, பி பெறுமானம் 0.25 வாக்கில். வாலை வெட்டினாலும் தீர்ப்பு இல்லை, வெட்டாவிட்டாலும் இல்லை.

கலைப்பு ‘வித்தியாசம் உண்டா’ என்று மட்டும் கேட்கும். ‘எவ்வளவு’ என்பதற்கு பூட்ஸ்ட்ராப். புள்ளிவிபரவியலாளர் பிராட்லி எஃப்ரொன் 1979இல் முன்வைத்த வழி. தலையின் எட்டு எண்களைப் பேணிக்குள் போட்டு, ஒன்றை எடுத்து எழுதிவிட்டுத் திரும்ப உள்ளே போட்டு, மறுபடி எடுத்து, எட்டு எண் சேர்க்க வேண்டும். அதே மாதிரிக் குடலுக்கும் தனியாக. இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை எழுத வேண்டும். பல்லாயிரம் தடவை செய்தால் வித்தியாசம் எவ்வளவு தூரம் ஆடக்கூடும் என்று தெரியும்.

இங்கேயும் 7.4தான் நாட்டாமை. எட்டுத் தடவை எடுக்கையில் அது ஒரு தடவையேனும் வராமல் போக வாய்ப்பு எட்டில் ஏழின் எட்டாம் அடுக்கு, அதாவது 0.34. சரியாக ஒரு தடவை வர 0.39, இரண்டு தடவை வர 0.20. வராத போது தலை 1.17க்கு வீழ்கிறது, இரண்டு தடவை வந்தால் 2.73க்கு எழும்புகிறது. வரைபடம் படிப்படியாகக் குன்றுகள். 95 சதவீத இடைவெளி, அதாவது நடுவில் உள்ள 95 சதவீத வித்தியாசங்கள் விழுந்த எல்லை, ஏறத்தாழ −0.7 முதல் 2.2 வரை. மாமாவுக்குச் சொன்னது இப்படி: “குடல் ராவுக்கு முக்கால் கிலோ கூடவாயும் இருக்கலாம், தலை ராவுக்கு ரெண்டு கிலோ கூடவாயும் இருக்கலாம்.” அவர் சிரித்தார். “இதுக்கா இவ்வளவு பாடு?”

அந்த இடைவெளியையாவது நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கருவியைச் சோதிக்க, விடை முன்கூட்டியே தெரிந்த போலித் தரவை நாமே செய்து அதற்குக் கொடுக்கலாம். எங்கள் பதினாறு எண்களின் இடையம் 1.35, சராசரி 1.725. மடக்கை எடுத்தால் மணி வடிவச் செவ்வன் பரம்பலாகும் ஒரு போலி வாவியை உருவாக்கினேன்: இடையம் 1.35, மடக்கை அளவில் நியம விலகல் (பரவலின் அளவு) 0.7. அப்படியான பரம்பலின் சராசரி, e (ஏறத்தாழ 2.718) என்ற எண்ணை நியம விலகலின் வர்க்கத்தில் பாதி என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதால் இடையத்தைப் பெருக்கினால் வருவது. போட்டால் 1.72. வாவியோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தப் போலி வாவியில் 7.4ஐத் தாண்டும் இரவு நூற்று முப்பது இரவுக்கு ஒன்று வாக்கில்தான் வரும்.

அதில் இருந்து எட்டு இரவு எடுத்துப் பூட்ஸ்ட்ராப் இடைவெளி போட்டு, உண்மையான 1.72 அதற்குள் விழுகிறதா என்று ஆயிரக்கணக்கான தடவை பார்த்தேன். 95 சதவீதம் என்று பெயர் வைத்த இடைவெளி தொண்ணூறைக்கூட எட்டவில்லை. காரணம் பெரிய மர்மம் இல்லை. எட்டு இரவில் பெரும்பாலும் வால் தலைகாட்டுவதே இல்லை. பேணிக்குள் இல்லாத துண்டைப் பூட்ஸ்ட்ராப் எங்கிருந்து எடுக்கும்? சின்ன மாதிரியில் அது பரவலைக் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பது அடுத்த காரணம். ஆகவே −0.7 முதல் 2.2 என்பதுகூடக் கொஞ்சம் துணிச்சலான பேச்சு.

கலைப்புச் சோதனைக்கும் அதே பரீட்சை வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே போலி வாவியில் இருந்து எடுத்து, ஒன்றுக்குத் தலை என்றும் மற்றதுக்குக் குடல் என்றும் பொய்ப் பெயர் கொடுத்து ஓட்டினேன். ‘வித்தியாசம் உண்டு’ என்று சொல்ல வழக்கமாக வைக்கும் எல்லை பி 0.05. அதற்குக் கீழ் இறங்கி எத்தனை தடவை பொய்யாக எச்சரிக்கிறது? நூற்றுக்கு ஐந்து. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது, வால் எவ்வளவு நீண்டாலும். டி சோதனை அதே இடத்தில் ஐந்துக்கும் குறைவாகவே வாய் திறந்தது. இரண்டு பக்க வாலும் ஒரே மாதிரி இருக்கும்போது கழிக்கையில் சாய்வு ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் அது ஆபத்தாக நடப்பதில்லை, கொஞ்சம் மந்தமாக நடக்கிறது. ஒரு பக்கம் எட்டு இரவும் மறுபக்கம் முப்பது இரவுமாக, ஒரு பக்கத்துப் பரவலும் பெரிதாக இருந்தால் நிலைமை வேறு. அப்போது சராசரிகள் சமமாக இருந்தும் கலைப்பே தவறாகக் கத்தக்கூடும். பேணிக்குள் இரண்டு வகைத் துண்டையும் சம எண்ணிக்கையில் போட்டது அதற்காகவும்தான்.

எவ்வளவு காலம் எழுதினால் தீர்ப்பு வரும்? அதற்கும் அதே பேணி. உண்மையான வித்தியாசம் 0.45தான், பரவலும் நாங்கள் கண்டதுதான் என்று வைத்துக்கொண்டு, இரைக்கு முப்பது இரவு எடுத்தால் ஐந்தில் ஒரு தடவை வாக்கில்தான் வித்தியாசம் பிடிபடுகிறது. நூற்றுக்கு எண்பது தடவை பிடிக்க வேண்டுமென்றால் இரைக்கு இருநூறு இரவு வேண்டும். இரண்டு இரைக்கும் நானூறு. வருடத்தைத் தாண்டும், இடையில் வடகீழ்ப் பருவமழை வந்து வாவியின் உப்பையே மாற்றிவிடும். 7.4 விழுந்தது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டுப்பட்டதை ஒட்டிய இரவு. முட்டைக்காரப் பெண் நண்டு கடலுக்குப் போகும் வழியில் அகப்பட்டிருக்கும் என்பது மாமாவின் கணிப்பு. களப்பு நண்டில் பெண், முட்டை பொரிக்கக் கடலுக்குப் போவது தெரிந்த சங்கதிதான்.

அப்படியானால் அந்த இரவின் பெருமை இரைக்கு இல்லை, தண்ணீருக்கு. நல்ல இரவு வந்தால் இரண்டு இரைக்கும் சேர்ந்து வரும்படி அமைத்தால் இந்த 7.4 தொல்லை பெரும்பாலும் ஒழியும். மாமாவின் மணப் பிரச்சினைக்கு அவரே வழி சொன்னார்: கூடுகளை இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று நல்ல தூரம் விட்டுப் போடுவது. எந்த வரிசைக்கு எந்த இரை என்பதற்குக் காசு சுண்டுவது. இரவுக்கு ஒரு சோடி எண், ஒரு வித்தியாசம்.

சோடியானால் கலைப்பும் மாறும். பெயரைக் கலைக்கத் தேவையில்லை, ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் முன்னால் உள்ள கூட்டல், கழித்தல் குறியைக் காசு சுண்டி மாற்றினால் போதும். புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் இதைச் செய்து காட்டினார், சார்ள்ஸ் டார்வின் அளந்து வைத்திருந்த சோளச் செடிகளை எடுத்து. அயல் மகரந்தத்தில் பிறந்த செடியும் தன்மகரந்தத்தில் பிறந்த செடியுமாகப் பதினைந்து சோடி. குறிகளை மாற்ற 32,768 வழி. அதில் 863 வழியில் மொத்த வித்தியாசம் டார்வின் கண்டதை எட்டியது அல்லது மிஞ்சியது. இரண்டு திசைக்கும் 1,726, அதாவது 5.27 சதவீதம். டி சோதனை அதே தரவுக்குச் சொன்னது 4.97. கணினி இல்லாத காலத்தில் இதை எண்ணி முடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு என் லப்டொப்பின் மேல் கொஞ்சம் வெட்கம் வருகிறது.

சோடி முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து சோடியில் எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தாலும் பி பெறுமானம் 32இல் 2, 0.0625. ஆறு சோடி இருந்தால்தான் 64இல் 2 என்று 0.05க்குக் கீழே இறங்க வழியே உண்டு. எங்கள் திட்டம் அதைவிட எவ்வளவோ கூட. அள்ளும் இரவில் வித்தியாசமும் சேர்ந்து பெருக்கும் என்பதால் வால் முழுக்க மறையாது, ஆனால் 7.4 ஒரு பக்கம் தனியாக நின்று அதிகாரம் பண்ண முடியாது.

அதுவரைக்கும் மாமா குடல்தான் கட்டுகிறார். கோழிக்கடையில் அதைச் சும்மா தருகிறார்கள், மீன் தலைக்குக் காசு கொடுக்க வேண்டும். இரண்டாவது வரிசைக்கு மிதவையும் கயிறும் வாங்கியாயிற்று. காசு சுண்டுகிற வேலை தனக்குத்தான் என்று மாமி சொல்லிவிட்டார்.